மலிவு விலைப் புத்தக அலமாரி பல வருஷம் உழைக்க: வாங்குவது முதல் சுவரில் பிணைப்பது வரை

மலிவான புத்தக அலமாரி வீணாவது பெரும்பாலும் மூன்று வழிகளில்தான். தட்டு நடுவில் தொய்ந்துபோகும். மொத்த அலமாரியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆட்டம் கொடுக்கும். இல்லாவிட்டால் அடிப்பலகை தண்ணீரில் ஊறி உப்பிவிடும். முதல் இரண்டுக்கும் பலகையின் பெயரோடு அதிகச் சம்பந்தம் இல்லை. தட்டின் நீளமும் முதுகுப் பலகையை அடித்த விதமும்தான் அங்கே வேலை செய்கின்றன. மூன்றாவதற்குக் காரணம் நாம் தினமும் தரை துடைக்கும் தண்ணீர்.

ஆனால் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது “இது என்ன மரம்?” என்றுதான். அந்தக் கேள்வி நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வந்தால் போதும் என்பது என் கருத்து. 60 செ.மீ. தட்டு உள்ள சாதாரண பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திய பலகை) அலமாரி, முதுகை ஒழுங்காக அடித்துச் சுவரில் பிணைத்திருந்தால், ஒரு மீட்டர் நீளத் தட்டுள்ள விலை கூடிய அலமாரியைவிட நன்றாகவே நிற்கும்.

பேச வசதியாக ஓர் அலமாரியை அளவுகோலாக எடுத்துக்கொள்வோம்: மரச்சாமான் நிறுவனமான ஐக்கியாவின் பில்லி. ஸ்வீடனைச் சேர்ந்த கில்லிஸ் லுண்ட்கிரென் 1979இல் வடிவமைத்தது. தட்டையான அட்டைப்பெட்டியில் பலகைகளாக வரும், வீட்டில் நாமே பூட்டிக்கொள்ளலாம். அகலம் 80 செ.மீ., ஆழம் 28, உயரம் 202. இன்று நம் ஊரில் இணையத்தில் விற்கும் அலமாரிகளில் பலவும் ஏறக்குறைய இதே அமைப்புதான்: இரண்டு பக்கப் பலகை, மேலே கீழே ஒவ்வொன்று, நடுவில் நகராத ஒரு தட்டு, ஏற்றி இறக்கக்கூடிய சில தட்டுகள், முதுகில் மெல்லிய ஒரு பலகை. இதைத்தான் வாங்கவேண்டும் என்று சொல்லவரவில்லை. அளவும் தட்டு தாங்கும் எடையும் வெளிப்படையாகப் போட்டிருப்பதால் மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்க்கத் தோதாக இருக்கிறது.

முதலில் புத்தகத்தை எடை போடுங்கள்

அலமாரி தேடும் முன் ஒரு சின்ன வேலை. உங்களிடம் உள்ள புத்தகங்களில் சராசரியான ஒரு வரிசையை, டேப் வைத்து 30 செ.மீ. அளவுக்கு அடுக்கி எடுத்து, ஆள் எடை பார்க்கும் மிஷினில் வையுங்கள். வருகிற எடையை மூன்றால் வகுத்தால் 10 செ.மீ.க்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

சாதாரண தாளில் அச்சான டெம்மி அளவு நாவல்கள், கவிதைத் தொகுப்புகள் என்றால் 10 செ.மீ.க்கு இரண்டு கிலோ அல்லது இரண்டரைக்குள் அடங்கும். வழுவழுப்பான ஆர்ட் தாளில் அச்சான படப் புத்தகங்கள், சட்டப் புத்தகங்கள், மருத்துவப் பாடநூல்கள், கெட்டி அட்டை அகராதிகள் எல்லாம் நாலு, நாலரை கிலோவைத் தொடும். அதாவது முக்கால் மீட்டர் தட்டில் ஒரே வரிசை நாவல் 15 முதல் 18 கிலோ. அதே தட்டில் கனமான பாடநூல்கள் 30 கிலோவைத் தாண்டும். நாவலையே முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை வைத்தாலும் அங்கேதான் போய் நிற்கும்.

பில்லியின் 76 செ.மீ. தட்டுக்குக் கொடுத்திருக்கும் வரம்பு 30 கிலோ. அதன் ஒடுக்கமான வகைக்கு, 36 செ.மீ. தட்டுக்கு, 14 கிலோ. சின்னத் தட்டு ஏன் இவ்வளவு குறைவு என்று குழம்பவேண்டாம். இரண்டையும் நீளத்தால் வகுத்துப் பாருங்கள், ஒரு செ.மீ.க்கு ஏறக்குறைய 400 கிராம் என்று ஒரே கணக்கு வரும். புத்தகம் நிறைய அடுக்கினால் ஏறும் பாரம்தான் அது. ஒரே பாரத்தில் சின்னத் தட்டு அசையாமல் இருக்கும், பெரியது மெல்லத் தொய்யும்.

விற்பனைப் பக்கத்தில் ஒரு தட்டு எத்தனை கிலோ தாங்கும் என்று போடாமல் ‘மொத்தம் 100 கிலோ தாங்கும்’ என்று மட்டும் போட்டிருந்தால் அந்த எண்ணால் நமக்குப் பயன் இல்லை. கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் அடுத்த அலமாரிக்குப் போய்விடலாம்.

தட்டின் நீளம்: இங்கேதான் பாதி வேலை முடிகிறது

இரண்டு முனையில் மட்டும் தாங்கப்பட்ட தட்டில் புத்தகத்தை முழு நீளத்துக்கும் அடுக்கினால், நடுவில் ஏற்படும் தொய்வு நீளத்தின் நான்காவது அடுக்கில் கூடும். பாலம் கட்டுகிறவர்கள் போடுவதும் இதே கணக்குதான். நடைமுறையில் என்ன அர்த்தம் என்றால், 60 செ.மீ. தட்டை 90 ஆக்கினால் தொய்வு ஐந்து மடங்கு ஆகிறது. ஒன்றரை மடங்கு நீளம், ஐந்து மடங்கு தொய்வு. 60ஐ 120 ஆக்கினால் பதினாறு மடங்கு.

தடிமன் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது, ஆனால் மூன்றாவது அடுக்கில்தான். 16 மி.மீ. பலகைக்குப் பதில் 18 போட்டால் விறைப்பு கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் கூடும். 18க்குப் பதில் 25 என்றால் இரண்டரை மடங்குக்கு மேல். 12 மி.மீ. தட்டு உள்ள அலமாரியைப் புத்தகத்துக்கு நினைக்கவே வேண்டாம். அது பொம்மைக்கும் துணிக்கும் ஆனது.

இன்னொரு சங்கதி, முதல் நாள் பார்த்தால் தெரியாது. பார்ட்டிகிள் போர்டும் எம்டிஎஃபும் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) சுமை தாங்கிக்கொண்டே இருந்தால் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இன்னும் வளையும். இறக்கி வைத்தாலும் முழுசாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. கடையில் தட்டின் மேல் கையை ஊன்றி அழுத்தி “நல்லா ஸ்ட்ராங்கா இருக்கே” என்று சொல்வதில் அதனால்தான் பிரயோசனம் இல்லை. கை ஒரு நிமிஷம் அழுத்துகிறது. புத்தகம் ஐந்து வருஷம் உட்கார்ந்திருக்கும்.

ஆக, என் விதி இது. நாவல், கதை, கட்டுரைப் புத்தகங்கள் என்றால் 18 மி.மீ. பலகையில் தட்டு நீளம் 75–80 செ.மீ. வரை போகலாம். பாடநூல், கலைக்களஞ்சியம், பைண்டு செய்த பழைய இதழ்கள் என்றால் 60க்கு மேல் வேண்டாம். சுவர் 1.6 மீட்டர் நீளம் இருக்கிறதா? 160 செ.மீ.யில் ஒன்றை வாங்குவதைவிட 80இல் இரண்டை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். 40 செ.மீ.யில் நாலு என்றால் இன்னும் திடம்தான், ஆனால் பக்கப் பலகைகளுக்கே காசும் இடமும் நிறையப் போய்விடும்.

பார்க்கத் தடியாக இருப்பதெல்லாம் தடிமன் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐக்கியாவின் கல்லாக்ஸ் போன்ற கட்டம் கட்டமான ரேக்குகளின் பலகை நன்றாகத் தடித்திருக்கும். உள்ளே பெரும்பகுதி தேன்கூடு போல மடித்த காகிதம். அதன் ஒவ்வொரு 33 செ.மீ. கட்டத்துக்கும் வரம்பு 13 கிலோ. அந்த எடைக்குள் வைத்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கண்ட இடத்தில் ஸ்க்ரூ அடித்தால் அதில் பிடிக்காது.

இப்போது பலகை

விற்பனைப் பக்கங்களில் ‘இன்ஜினியர்டு வுட்’ என்று எழுதியிருந்தால் அது பார்ட்டிகிள் போர்டாகவும் இருக்கலாம், எம்டிஎஃபாகவும் இருக்கலாம். பெரும்பாலும் முதலாவதுதான். மரத்தூளையும் சிராய்களையும் பசை சேர்த்து அழுத்தி, மேலே காகிதப் படலமோ மெலமைனோ ஒட்டிய பலகை. நம் நாட்டில் இப்படி மேற்பூச்சோடு வரும் பார்ட்டிகிள் போர்டுக்கு ஐ.எஸ். 12823 என்ற தரக்குறி உண்டு. பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303, ஈரம் தாங்கும் மெரைன் வகைக்கு ஐ.எஸ். 710.

பார்ட்டிகிள் போர்டைக் கேவலமாகப் பேசுவது நம் ஊரில் ஒரு வழக்கம். உலர்ந்த இடத்தில், சரியான நீளத்தில் இருந்தால் அது போதுமானது. அதன் பலவீனங்கள் இரண்டு. ஒன்று, ஒரே துளையில் திரும்பத் திரும்ப ஸ்க்ரூ கழற்றி மாட்டினால் துளை தூளாகிப் பிடிமானம் போய்விடும். இன்னொன்று, தண்ணீர் பட்டு ஒருமுறை உப்பினால் காய்ந்தாலும் பழையபடி வராது.

எம்டிஎஃபின் மேல்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். தொய்வில் பார்ட்டிகிள் போர்டைவிடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். தண்ணீர் விஷயத்தில் இரண்டும் ஒரே கதி. பிளைவுட் தொய்வையும் ஈரத்தையும் இரண்டையும்விட நன்றாகத் தாங்கும். ஆனால் பெட்டியில் வரும் மலிவு அலமாரிகளில் அது கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் விலை மலிவாக இருக்காது.

பலகையின் பெயரைவிட விளிம்பைப் பாருங்கள் என்பேன். பலகைக்குள் தண்ணீர் போவது வெட்டப்பட்ட விளிம்பு வழியாகத்தான். எட்ஜ் பேண்டிங் என்ற பிளாஸ்டிக் பட்டை முன்விளிம்பில் மட்டும் இருக்கிறதா, அடியிலும் பின்னாலும்கூட இருக்கிறதா என்று படங்களிலோ கடையிலோ பாருங்கள். நகத்தால் மூலையில் லேசாக நெம்பினால் கிளம்புகிறதா? அப்படியானால் அந்த அலமாரி முதல் மழைக்காலத்திலேயே வாய் பிளந்துவிடும்.

பொய் சொல்கிறார்களா என்று கண்டுபிடிக்க மொத்த எடை நல்ல வழி. பார்ட்டிகிள் போர்டு ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 650 கிலோ. 80 x 28 x 202 அளவில், 18 மி.மீ. பலகையில் ஆறு அடுக்கு அலமாரி என்றால் முதுகையும் சேர்த்து 30 முதல் 35 கிலோ வரவேண்டும். அதே அளவுக்கு ‘எடை: 16 கிலோ’ என்று போட்டிருந்தால் பலகை மெல்லியது, அல்லது உள்ளே வெற்றிடம். எடையைப் பற்றி மட்டும் விற்பனைப் பக்கங்கள் அவ்வளவாகப் பொய் சொல்வதில்லை. கூரியர்காரர்களுக்கு அது தேவைப்படுகிறதே.

பெட்டி வந்ததும்

கொண்டுவந்தவர் இருக்கும்போதே நாலு மூலையையும் பாருங்கள். மூலை நசுங்கியிருந்தால் உள்ளே பலகையின் முனையும் நசுங்கியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்த முனையில்தான் பூட்டு வரும். அட்டையில் தண்ணீர்க் கறை இருந்தால் பிரித்துப் பார்க்காமல் வாங்கவேண்டாம்.

அலமாரி எங்கே நிற்கப்போகிறதோ அந்த அறையிலேயே பிரியுங்கள். பெட்டி அட்டையைத் தரையில் விரித்தால் பலகையில் கீறல் விழாது. படுக்கவைத்துப் பூட்டியதை நிமிர்த்த இரண்டு பேர் வேண்டும். நிமிர்த்தும் முன் ஃபேனை நிறுத்திவிடுங்கள். ஸ்க்ரூ, மரக்குச்சி, பூட்டு எல்லாவற்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு, தாளில் உள்ள எண்ணிக்கையோடு சரிபாருங்கள். பாதியில் ஒன்று குறைகிறது என்று தெரிந்தால் ‘இது இல்லாவிட்டால் என்ன’ என்று தோன்றும். அந்த ஒன்று பெரும்பாலும் நடுத்தட்டினுடையதாக இருக்கும்.

பூட்டுவது

இந்த அலமாரிகளில் மூன்று விதமான இணைப்பு வரும். 8 மி.மீ. மரக்குச்சியான டோவல், பலகைகளைச் சரியான இடத்தில் நிறுத்தும். கடைகளில் மினிஃபிக்ஸ் என்று கேட்கும் பூட்டு, ஒரு நீட்டு போல்ட்டும் 15 மி.மீ. வட்டப் பூட்டுமாக வரும். பலகைகளை இழுத்து ஒட்டவைப்பது அதன் வேலை. மூன்றாவது சாதாரண ஸ்க்ரூ.

மினிஃபிக்ஸில்தான் பலபேர் தவறுகிறார்கள். வட்டப் பூட்டின் முகத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும். பூட்டைக் குழியில் வைக்கும்போது அந்த அம்பு, போல்ட் நுழையும் விளிம்புத் துளையைப் பார்த்திருக்கவேண்டும். போல்ட் உள்ளே போனதும் ஸ்க்ரூ டிரைவரால் அரைச் சுற்று திருப்பினால் போதும், பலகைகள் ஒட்டிக்கொண்டு இறுகுவது கைக்கே தெரியும். அதற்கு மேல் முறுக்கினால் பூட்டு உடையும், அல்லது மறுபடி தளர்ந்துவிடும். அரைச் சுற்றுக்குப் பிறகும் இறுகவில்லை என்றால் போல்ட் முழுசாகத் திருகப்படவில்லை என்று அர்த்தம். கழற்றி, போல்ட்டின் கழுத்துப்பட்டை பலகையைத் தொடும்வரை திருகிவிட்டு மறுபடி பூட்டுங்கள்.

பேட்டரி டிரில் இருக்கிறதே என்று இதற்கு எடுக்கவேண்டாம். பார்ட்டிகிள் போர்டில் ஒரு நொடி அதிகமாகச் சுழன்றாலும் மரை பிய்ந்துவிடும். ஸ்க்ரூவைக் கையாலேயே முறுக்குங்கள். எல்லாப் பூட்டையும் முதலில் பாதி இறுக்கி, அலமாரி முழு உருவத்துக்கு வந்ததும் இரண்டாவது சுற்றில் முழுசாக இறுக்குங்கள். முதல் மூலையையே கடைசிவரை இறுக்கிவிட்டால் நாலாவது மூலை பொருந்த அடம்பிடிக்கும்.

டோவலுக்கு ஃபெவிகால் வைக்கலாமா? சொந்த வீடு, நகர்த்தப்போவதில்லை என்றால் தாராளமாக வைக்கலாம். துளைக்குள் ஒரு சொட்டு, குச்சியில் ஒரு பூச்சு, அவ்வளவுதான். அலமாரி அசாத்தியமாக இறுகிவிடும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வைக்கவேண்டாம், அப்புறம் உடைக்காமல் கழற்ற முடியாது. மேற்பூச்சு உள்ள வழுவழுப் பரப்பில் பசை பிடிக்காது, அங்கே தடவுவது வீண்.

முதுகுப் பலகைதான் முதுகெலும்பு

காலித் தீப்பெட்டியின் உள்தட்டை எடுத்துவிட்டு வெளிக்கூட்டை மூலையில் அமுக்கிப் பாருங்கள், உடனே சாய்ந்து தட்டையாகிவிடும். முதுகில்லாத அலமாரியும் அப்படித்தான். நாலு மூலைப் பூட்டுகளுக்கு மட்டும் பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்கும் வலு கிடையாது. மூன்று மி.மீ. தடிமனே உள்ள அந்த மெல்லிய அட்டை மாதிரிப் பலகைதான் சட்டத்தைச் சதுரமாகப் பிடித்து நிறுத்துகிறது. ‘பின்னாடி யார் பார்க்கப் போறா’ என்று நாலு ஆணியோடு விட்டுவிடுகிற இடமும் இதுதான்.

செய்யவேண்டிய முறை இது. சட்டம் முகம் குப்புறக் கிடக்கட்டும். முதுகை அடிக்கும் முன் டேப்பை எடுத்து மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். 80 x 202 சட்டத்தில் இரண்டுமே ஏறக்குறைய 217 செ.மீ. வரவேண்டும். சரியாக 217 வருகிறதா என்பதைவிட இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று 217.5, இன்னொன்று 216.8 என்றால் சட்டம் கோணலாக இருக்கிறது. நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் உள்நோக்கிக் கையால் தள்ளினால் சரியாகிவிடும். இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை.

அளவு சரியானதும் முதலில் நாலு மூலையிலும் ஒவ்வோர் ஆணி. மறுபடி ஒருமுறை மூலைவிட்டம். அப்புறம் ஓரம் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு செ.மீ.க்கு ஒன்று. நடுவில் உள்ள நகராத தட்டின் விளிம்பிலும் அடியுங்கள். அந்த வரிசையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆணி பலகையின் நடுத்தடிமனில் இறங்கவேண்டும், இல்லையென்றால் உள்பக்கம் எட்டிப்பார்க்கும். தட்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பின்பக்கம் பென்சில் கோடு போட்டுக்கொண்டால் குறி தப்பாது.

பெட்டியோடு வரும் ஆணிகள் பெரும்பாலும் மெல்லியவை. ஹார்டுவேர் கடையில் 16 மி.மீ. நீளத்தில் தட்டைத் தலை ஸ்க்ரூ வாங்கி, ஆணிக்குப் பதிலாக மெல்லிய துளை போட்டு முறுக்கினால் அலமாரியின் ஆயுளே மாறிவிடும். செலவும் குறைவு, மொத்த வேலையிலும் இதைவிடப் பலன் தரும் மாற்றம் வேறு இல்லை. சில அலமாரிகளில் முதுகு ஆணியில்லாமல் பள்ளத்தில் செருகும்படி இருக்கும். அதில் பலகை லூசாக ஆடினால் பின்பக்கமிருந்து பள்ளத்தின் ஓரமாக ஃபெவிகால் ஓட்டி, ஒரு ராத்திரி அசைக்காமல் படுக்கவைத்துவிடுங்கள்.

முதுகே இல்லாத, எல்லாப் பக்கமும் திறந்த ரேக் அழகாக இருக்கிறது என்று வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரும்புச் சட்டமோ பின்னால் குறுக்குக் கம்பியோ இருந்தால் சரி. வெறும் பலகை மட்டும் என்றால் புத்தகத்துக்கு வேண்டாம்.

காலும் தரையும்

நம் வீடுகளில் தண்ணீர் விட்டுத் துடைப்பது அன்றாடம். பக்கப் பலகையின் அடிவிளிம்பு நேராகத் தரையில் உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சும். பெரும்பாலான அலமாரிகளின் கால் பக்கம் உப்பலெடுப்பது இதனால்தான்.

நிமிர்த்தும் முன்பே, படுத்திருக்கும்போதே செய்துவிடுங்கள். அடிவிளிம்பில் பட்டை இல்லாத இடமெல்லாம் வார்னிஷோ எனாமல் பெயிண்டோ இரண்டு கை பூசிக் காயவிடுங்கள். ஃபெவிகால் பூசினால் ஈரத்தில் கரையும், அது வேண்டாம். பிறகு அடியில் பிளாஸ்டிக் புஷ் அடித்துத் தரையிலிருந்து ஐந்து மி.மீ.யாவது தூக்குங்கள். அரை அங்குலம் தூக்கினால் இன்னும் நல்லது; அடியில் கரையான் மண் ஏறுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவும் முடியும். தரைத்தளத்தில் இருப்பவர்கள் இதை அவசியம் செய்யவேண்டும்.

தரை மட்டமாக இருக்கும் என்று நம்பவேண்டாம். தண்ணீர் ஓட லேசான வாட்டம் வைத்திருப்பார்கள். ரசமட்டத்தை நடுத்தட்டில் வைத்துப் பார்த்து, தாழ்ந்த காலுக்கு அடியில் டைல்ஸ் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ஆப்பைச் செருகுங்கள். அட்டையை மடித்து வைப்பது ஒரு வாரத்துக்குத்தான், ஊறிக் கூழாகிவிடும். ரசமட்டம் இல்லையென்றால் தட்டில் ஒரு பேனாவைப் பக்கவாட்டில் உருளும்படி வைத்துப் பாருங்கள்.

வெளிச்சுவர், குளியலறையை ஒட்டிய சுவர் இரண்டிலும் ஓதம் அடிக்கும். அங்கே வைத்தே தீரவேண்டும் என்றால் பின்னால் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். சுவரில் சுண்ணாம்பு பொரிந்து உதிர்கிறது என்றால் அந்தச் சுவரை மறந்துவிடுங்கள்.

சுவரில் பிணைப்பது

ஆள் உயரத்துக்கு மேல் போகும், 28 செ.மீ. ஆழமே உள்ள அலமாரி தன் பலத்தில் மட்டும் நிற்கக்கூடாது. குழந்தை அடித்தட்டில் கால் வைத்து ஏறினால் முன்னால் சாயும். 2016இல் ஐக்கியா அமெரிக்காவில் 2.9 கோடி டிராயர் மேசைகளையும் பீரோக்களையும் திரும்பப் பெற நேர்ந்தது, சுவரில் பிணைக்காத அவை சாய்ந்து குழந்தைகள் இறந்ததால். டிராயர் இல்லாத புத்தக அலமாரியும் இதே போலச் சாயக்கூடியதுதான். கூடவே ஒரு லாபம்: சுவரில் பிணைத்த அலமாரி பக்கவாட்டிலும் ஆடாது, பூட்டுகளுக்கும் ஆயுள் கூடும்.

தேவையானவை: இரண்டு எல் வடிவக் கிளாம்ப், 8 மி.மீ. பிளாஸ்டிக் பிளக் இரண்டு (கடையில் ஃபிஷர் என்றோ ராவல் பிளக் என்றோ கேட்டால் தருவார்கள்), 50 மி.மீ. நீள ஸ்க்ரூ, ஹேமர் டிரில். டிரில் இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனை ஐந்து நிமிஷ வேலைக்குக் கூப்பிடலாம்.

துளை போடும்போது வெளியே வரும் தூளைக் கவனியுங்கள். முதலில் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் தூள் வரும். அது பூச்சு, ஒன்றரை செ.மீ. வாக்கில் இருக்கும். அதன் பிறகு சிவப்பாக வந்தால் செங்கல். சிவப்பு வந்தபின் இன்னும் நாலு செ.மீ.யாவது உள்ளே போகவேண்டும். பூச்சில் மட்டும் நிற்கும் பிளக் கையால் இழுத்தாலே வந்துவிடும். சாம்பல் நிறமே தொடர்ந்து வந்து டிரில் முன்னேற மறுத்தால் கான்கிரீட் தூணோ பீமோ. பொறுமையாகப் போடலாம், பிடிமானம் பிரமாதமாக இருக்கும். தூள் வெளுப்பாக, டிரில் வெண்ணெய்யில் இறங்குவது போல் போனால் அது புது அடுக்குமாடிகளில் வரும் ஏஏசி பிளாக் என்ற எடை குறைந்த கல். அங்கே சாதாரண பிளக் நிற்காது, அதற்கென்றே உள்ள பிளக்கைக் கேட்டு வாங்குங்கள்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடவே கூடாது. வயர் பைப் செங்குத்தாக அங்கேதான் ஓடும்.

பெரும்பாலான வீடுகளில் சுவரடியில் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் ஒரு செ.மீ. அளவுக்குத் துருத்திக்கொண்டிருக்கும். பில்லி போன்றவற்றில் பக்கப் பலகையின் அடியில் அதற்கென்று வெட்டு கொடுத்திருப்பார்கள். வெட்டு இல்லாத அலமாரி டைல்ஸில் முட்டி நின்று, மேலே சுவருக்கும் அதற்கும் இடைவெளி விழும். கிளாம்பை வளைத்து இழுத்துப் பிடிக்காதீர்கள், அலமாரி பின்னால் சாய்ந்துவிடும். இடைவெளிக்குத் தக்க மரத்துண்டு ஒன்றை வைத்து, அதையும் சேர்த்து ஸ்க்ரூவை நீளமாகப் போடுங்கள்.

அலமாரிப் பக்கம் ஸ்க்ரூ மேல்பலகையிலோ பக்கப் பலகையிலோதான் இறங்கவேண்டும். முதுகில் அடித்த கிளாம்ப் கண் துடைப்புக்குத்தான். 18 மி.மீ. பலகைக்கு 16 மி.மீ. ஸ்க்ரூ; அதற்கு மேல் நீளம் என்றால் மறுபக்கம் மூக்கை நீட்டும்.

வீட்டுக்காரர் துளை போட விடமாட்டார் என்றால் உயர அலமாரி வேண்டாம். இடுப்பு உயரத்தில் மூன்று தட்டு அலமாரிகள் இரண்டை வாங்கிக்கொள்ளுங்கள். இரட்டை ஒட்டு டேப்பை நம்பி இரண்டு மீட்டர் அலமாரியை நிறுத்துவது விஷப்பரீட்சை.

அடுக்குவது

கனமானவை கீழே. நீளமான தட்டுகளில் தடித்த புத்தகங்கள் இரு முனையிலும், மெல்லியவை நடுவிலும் இருக்கட்டும். தொய்வுக்குக் காரணம் நடுவில் உள்ள எடைதான். முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை வைக்க ஆசைப்பட்டால் நகராத நடுத்தட்டையும் அடித்தட்டையும் அதற்கு ஒதுக்குங்கள். அடித்தட்டுக்குக் கீழே முன்பக்கம் பட்டிப் பலகை இருந்தால் அது நன்றாகவே தாங்கும்.

தட்டைத் தாங்கும் குமிழ்கள் பிளாஸ்டிக்காக இருந்தால் இரும்பு குமிழாக மாற்றிவிடுங்கள். துளை பொதுவாக 5 மி.மீ.தான், எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்.

தொய்ந்துவிட்டால்

தட்டைக் கழற்றித் தலைகீழாகப் போடுவது பழைய வைத்தியம், வேலை செய்யும். மேடு மேலே வரும், பாரத்தில் சில மாதங்களில் மட்டமாகும், அப்புறம் மறுபக்கம் தொய்யத் தொடங்கும். அடிப்பக்கத்தில் குமிழுக்குப் பள்ளம் உள்ள தட்டுகளில் இதைச் செய்ய முடியாது.

நிரந்தரமாகச் செய்ய, மரக்கடையில் ஒன்றரை அங்குல உயரம், முக்கால் அங்குலத் தடிமனில் ஒரு ரீப்பர் வாங்கி, தட்டின் நீளத்துக்கு அறுத்து, முன்விளிம்புக்கு அடியில் நெட்டாக நிற்கும்படி அடியிலிருந்து ஸ்க்ரூ போட்டுப் பொருத்துங்கள். படுக்கையாக வைத்தால் பலன் குறைவு, நெட்டாக நிற்பதில்தான் அதன் பலம். முக்கால் மீட்டர் தட்டில் தொய்வு பாதிக்கும் கீழே இறங்கும். பொருத்தும்போது தட்டை நிமிர்த்தி நேராக்கிப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

ஸ்க்ரூ துளை தளர்ந்திருந்தால் ஃபெவிகாலில் நனைத்த தீக்குச்சிகளையோ பல்குத்தும் குச்சிகளையோ நெருக்கமாகச் செருகி, மறுநாள் காய்ந்ததும் அதே ஸ்க்ரூவை முறுக்குங்கள். மினிஃபிக்ஸ் போல்ட்டின் துளை பிய்ந்திருந்தால் இது போதாது. துளையை 8 மி.மீ. ஆக்கி மரக்குச்சியைப் பசையோடு அடித்து, வெட்டி மட்டமாக்கி, நடுவில் புதுத் துளை போடவேண்டும்.

வீடு மாற்றும்போது

அலமாரிகள் அதிகம் சாவது லாரியில்தான். புத்தகத்தோடு தள்ளுவது, தரையில் இழுப்பது இரண்டும் பக்கப் பலகையின் அடிமுனையைப் பெயர்த்துவிடும். நகரும் தட்டுகளைக் கழற்றித் தனியாகக் கட்டுங்கள். குமிழ்களையும் ஸ்க்ரூக்களையும் ஒரு கவரில் போட்டு அடித்தட்டில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். வாசலிலும் மாடிப்படியிலும் நுழையும் என்றால் சட்டத்தையும் முதுகையும் கழற்றாமல் அப்படியே கொண்டுபோவதுதான் நல்லது. நுழையாது என்றால் முதுகை முதலில் எடுத்து, மினிஃபிக்ஸை அரைச் சுற்று பின்னால் திருப்பி, பலகைகளை நேராக இழுத்துப் பிரியுங்கள். ஆட்டி ஆட்டிப் பிடுங்கினால் துளை அகலமாகிவிடும். பார்ட்டிகிள் போர்டு அலமாரி இப்படி இரண்டு முறை பிரித்துப் பூட்டுவதைத் தாங்கும். மூன்றாவது முறை பூட்டும்போது எல்லா டோவலுக்கும் ஃபெவிகால் வைத்து நிறுத்திவிடுங்கள்.